புதைத்த தேயிலைப் பையில் பாதியைத் தின்றது யார்?

ஜனவரிக் கடைசியில், இலங்கை மலைநாட்டில் இருக்கும் எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஆறு தேயிலைப் பைகளைப் புதைத்தோம். நானும் தரம் பத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரும். சித்திரை லீவெல்லாம் முடிந்து மே முதல் வாரம் தோண்டிப் பார்த்தால் நாலுதான் இருந்தது. மற்ற இரண்டையும் காட்டுப்பன்றி கிளறிவிட்டுப் போயிருந்தது. ஒன்றின் நூல் மட்டும் கோவாப் பாத்தி ஓரத்தில் கிடந்தது. "பன்றிக்கும் தேத்தண்ணி கேட்டிருக்கு சேர்" என்றான் ஒருத்தன்.

கிடைத்த நாலையும் கழுவாமல், ஒட்டியிருந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்தோம். பாடசாலைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. வேறு வழியில்லாமல் டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போய், கடைக்காரர் பார்த்த பார்வையைத் தாங்கிக்கொண்டு, மண் பிடித்த பைகளைத் தங்கத் தராசில் நிறுத்தோம். புதைக்கும்போது ஒவ்வொன்றிலும் 2 கிராம் இருந்தது. பச்சைத் தேயிலை போட்ட பைகளில் இப்போது பாதிக்கு மேல் காணவில்லை. தேயிலைக் குச்சியும் நாரும் போட்ட பைகளில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

பை எதுவும் கிழியவில்லை. எறும்புகூட நுழைய முடியாத நெருக்கமான நைலோன் துணி அது. அப்படியென்றால் அந்த ஒரு கிராம் எங்கே போனது? அதைத் தேடிக்கொண்டு போனால் மண்ணுக்குள் நடக்கும் வேலை, பூமி சூடாகும் கதை, நம் மலைகளுக்கு நடந்துகொண்டிருப்பது எல்லாம் ஒவ்வொன்றாக வழியில் வரும்.

இந்த விளையாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. நெதர்லாந்தில் பணியாற்றிய யோஸ்ட் கோய்ஸ்காம்ப் என்பவரும் அவருடைய குழுவினரும் 2013இல் இந்த முறையை வெளியிட்டார்கள். கடையில் விற்கும் லிப்டன் பைகளில் இரண்டு வகை வேண்டும். ஒன்று கிரீன் டீ. மற்றது ரூய்போஸ், அதாவது தேயிலையே இல்லாத, கொஞ்சம் மரத்தன்மை கொண்ட ஒரு தென்னாபிரிக்கச் செடி. இரண்டையும் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, சுமார் 90 நாள் கழித்து எடுத்து, உலர்த்தி நிறுக்க வேண்டும். கிரீன் டீ சீக்கிரம் உக்கும், ரூய்போஸ் மெதுவாக உக்கும். இரண்டிலும் குறைந்த எடையை வைத்து, அந்த மண் எவ்வளவு வேகமாகத் தின்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்று கணக்குப் போடலாம். எங்கே புதைத்தாலும் பை ஒன்றுதான் என்பதால், ஐரோப்பாவின் மண்ணையும் ஆபிரிக்காவின் மண்ணையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிறது. தொமஸ் லிப்டன் 1890இல் நம் மலைக்கு வந்து தோட்டம் வாங்கியவர். கொழுந்து பறித்தவர்களின் பேத்திகள் அவர் வழி வந்த பையைத் திரும்ப மண்ணுக்குள்ளேயே வைக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

எங்களுக்கு ரூய்போஸ் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் கழித்து ஒதுக்கும் குச்சியையும் நாரையும் அதற்குப் பதிலாக வைத்தோம். பைகளும் பழைய நைலோன் திரைச்சீலையில் ஒரு பிள்ளையின் அம்மா தைத்துக் கொடுத்தவை. ஆகவே எங்கள் கணக்கை உலகக் கணக்கோடு சேர்க்க முடியாது. எங்கள் பைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பத்தாம் வகுப்புக்கு அது போதும்.

மண்ணுக்குள் இருக்கும் கூட்டம்

தின்றது நுண்ணங்கிகள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் நூறு கோடி வரை பற்றீரியா இருக்கலாம். எட்டுக் கரண்டி மண் எடுத்தால் உலக சனத்தொகை கையில் இருக்கிறது என்று அர்த்தம். பற்றீரியாவோடு பங்கசுகளும் உண்டு. மரத்தடியில் ஈரமாகக் கிடக்கும் இலைக் குப்பையைப் புரட்டினால் வெள்ளை நூல் மாதிரிப் படர்ந்திருக்குமே, அது பங்கசு. இவற்றைத் தின்னும் ஒருகல உயிர்கள், அவற்றையும் தின்னும் மிகச்சிறிய வட்டப்புழுக்கள் என்று அங்கே ஒரு முழு ஊரே இருக்கிறது.

நுண்ணங்கி என்றதும் நமக்கு நோய்தான் ஞாபகம் வருகிறது. அதில் நம் தப்பு ஒன்றுமில்லை. மலைநாட்டில் இன்று தேயிலை நிற்பதற்கே ஒரு பங்கசுதான் காரணம். நம் ஆட்கள் முதலில் வந்தது கோப்பிக்கு. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் தென்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1880இல் இங்கே வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, அந்தத் தூள் பங்கசின் வித்திகள்தான், காற்றில் பறந்து பரவுகின்றன என்று காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டு வைத்திருந்ததால் காற்றுக்குத் தடையே இருக்கவில்லை. இருபது வருடத்துக்குள் கோப்பிக் காலம் முடிந்து தேயிலைக் காலம் வந்துவிட்டது.

ஆனால் மண்ணில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை நோய் பரப்புகிறவை அல்ல. புழுதி காய்ந்து கிடக்கும்போது முதல் மழை விழுந்தால் ஒரு வாசனை கிளம்புமே, அதில் பெரும் பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பற்றீரியாக் கூட்டம் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. அதே கூட்டத்தில் ஒன்றிலிருந்துதான் 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த அன்டிபயோடிக் அது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களில் காசம் எப்படிப் பரவும் என்று தெரிந்தவர்களுக்கு, மண்ணிலிருந்து அதற்கு மருந்து வந்தது சின்ன விஷயமாகத் தெரியாது.

இவ்வளவு கூட்டத்தை எப்படி எண்ணுகிறார்கள்? பழைய முறை, ஒரு தட்டில் சத்துள்ள கூழை ஊற்றி, மண் கரைசலைத் தடவி, எது முளைக்கிறது என்று பார்ப்பது. இதில் ஒரு சிக்கல். லயத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, வாசலில் நின்று "தேத்தண்ணி குடிக்க வாங்க" என்று கூப்பிட்டு, வந்தவர்களை மட்டும் எண்ணினால் எப்படி இருக்கும்? வேலைக்குப் போனவர், தூங்குகிறவர், தேத்தண்ணி பிடிக்காதவர் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். மண் நுண்ணங்கிகளில் நூற்றுக்கு ஒன்று அளவுதான் இப்படித் தட்டில் வளரும் என்று சொல்வார்கள். புதிய முறையில் மண்ணிலிருந்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து வாசிக்கிறார்கள். இது வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து வீட்டுக்குள் யார் யார் என்று கண்டுபிடிப்பது மாதிரி. வெளியே வராதவரும் கணக்கில் வந்துவிடுவார். என்ன, செத்துப்போனவரின் செருப்பும் சில நேரம் வாசலிலேயே கிடக்கும். இறந்த நுண்ணங்கியின் டீ.என்.ஏ.யும் மண்ணில் தங்குவதால் விஞ்ஞானிகளுக்கு அந்தத் தொல்லையும் இருக்கிறது.

ஒரு கிராம் எங்கே போனது

நுண்ணங்கிக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அது நொதியம் என்ற பொருளைத் தனக்கு வெளியே சுரந்து, பக்கத்தில் இருக்கும் இலையைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. பச்சைத் தேயிலையில் எளிதாகக் கரையும் பொருள் அதிகம். குச்சியில் இலிக்னின் என்ற கெட்டியான பொருள் அதிகம். அதை உடைக்க விசேஷமான நொதியங்கள் வேண்டும், பங்கசுகள்தான் அதில் கெட்டிக்காரர்கள். எங்கள் குச்சிப் பைகள் கனம் குறையாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

உறிஞ்சிய சாப்பாடு இரண்டாகப் பிரிகிறது. சம்பளம் வந்ததும் ஒரு பகுதி கடைக் கடனுக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது, ஒரு பகுதியைச் சீட்டுக் கட்டுகிறோம். நுண்ணங்கியும் அப்படித்தான். உள்ளே வந்த காபனில் ஒரு பகுதியைத் தன் உடம்பாக மாற்றிச் சேமிக்கிறது. மிச்சத்தை எரித்துச் சக்தியாக்கி, காபனீரொட்சைட்டாக மூச்சு விடுகிறது. சேமித்தது மண்ணிலேயே தங்கும். அந்த நுண்ணங்கி செத்த பிறகு அதன் உடம்பு மண் துணிக்கைகளோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கவும் கூடும். மூச்சு விட்டது காற்றுக்குப் போய்விடும்.

ஆக எங்கள் ஒரு கிராமில் கொஞ்சம் மழையில் கரைந்து இறங்கியது, கொஞ்சம் நுண்ணங்கிகளின் உடம்பானது. நிறையப் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு போய்விட்டது. பிள்ளைகளுக்கு இதை நம்ப வைக்கத்தான் கஷ்டப்பட்டேன். உக்கிய இலை மண்ணாகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பகுதி மண்ணாவதே இல்லை.

சரி, ஒரு தேயிலைப் பைக்கு இது. உலகத்துக்கு? பூமியின் மண்ணில் இருக்கும் காபன், வளிமண்டலத்தில் இருக்கும் காபனையும் எல்லா மரஞ்செடிகொடிகளில் இருக்கும் காபனையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். மண் ஒவ்வொரு வருடமும் மூச்சாக விடும் காபனீரொட்சைட்டு, மனிதர் பெற்றோலையும் நிலக்கரியையும் எரித்து விடுவதைப் போலப் பல மடங்கு. இது கெட்ட செய்தி இல்லை. விட்டதை ஏறக்குறைய அதே அளவுக்குச் செடிகள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன, அதனால் கணக்கு சரியாகிவிடும். பூமி சூடானால் மண் விடும் மூச்சு மட்டும் வேகமாகி, செடிகள் எடுப்பது அதற்கு ஈடுகொடுக்காமல் போனால் என்ன ஆகும்? விஞ்ஞானிகளின் கவலை அதுதான். சூடு மண்ணை மூச்சு வாங்க வைக்கும், அந்த மூச்சு சூட்டைக் கூட்டும்.

மண்ணை மலையிறக்கிப் பார்த்தவர்

பூமி சூடாவதற்கு வருடக்கணக்கு ஆகும். அதுவரை காத்திருக்காமல் எப்படிச் சோதிப்பது? அன்ட்ரூ நொட்டிங்ஹம் என்ற பிரித்தானிய விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். அது மலைநாட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

கண்டியில் ரயில் ஏறி, நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவுக்குப் போய்ப் பாருங்கள். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா ஏறக்குறைய 1,900 மீற்றர். நூறு மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்கு மேல் குளிரும். கண்டியில் சட்டையோடு ஏறியவர் நுவரெலியாவில் ஸ்வெட்டரைத் தேடுவார், எட்டு ஒன்பது பாகை வித்தியாசம். அதாவது மலையில் ஏறி இறங்குவது வேறொரு காலநிலைக்குப் போய் வருவதற்குச் சமம். மேலே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துக் கீழே கொண்டுவந்து வைத்தால், அந்த மண்ணைப் பொறுத்தவரை உலகம் ஒரே நாளில் சூடாகிவிட்டது.

பெரு நாட்டின் அந்தீஸ் மலைக்காடுகளில் இதைத்தான் செய்தார்கள். 3,000 மீற்றர் உயர வித்தியாசம், 15 பாகை வெப்பநிலை வித்தியாசம். வெவ்வேறு உயரத்து மண்ணை இடம் மாற்றி வைத்து, 5 வருடம் கழித்து அளந்தார்கள். ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் மண்ணின் காபனில் 4 சதவீதம் குறைந்திருந்தது. 2019இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு எண்ணைவிடப் பிடித்தது காரணம். சூட்டில் பழைய நுண்ணங்கிகள் வேகமாக வேலை செய்தன என்பதோடு விஷயம் முடியவில்லை. கூட்டமே மாறிவிட்டது. சூட்டுக்குப் பழகிய இனங்கள் பெருகின. நொதியங்களின் வேகம் கூடியது. மேஸ்திரி அதே ஆள், வேலைக்கு வந்த கேங் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காபன் போனது என்பது, முதலில் எவ்வளவு இருந்தது, அதில் எவ்வளவு எளிதாகத் தின்னக்கூடியது என்பதைப் பொறுத்திருந்தது.

இந்தக் கடைசி விஷயம் உயரத்தில் இருக்கும் நமக்கு முக்கியம். மலை உச்சி மண் ஏன் கறுப்பாக இருக்கிறது? ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பாதை வெட்டிய இடத்தில் பார்த்திருப்பீர்கள், கோப்பித் தூள் மாதிரி மண். இராத்திரிக்கு வைத்த குழம்பு நுவரெலியாவில் மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். கொழும்பில் விடியும்போதே நாறிவிடும். இரண்டு இடத்திலும் குழம்பைக் கெடுப்பது நுண்ணங்கிதான், குளிரில் அதன் வேலை மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான். உச்சி மண்ணிலும் அதே கதை. விழுந்த இலை முழுக்கத் தின்னப்படாமல், நூற்றாண்டுக்கணக்கில் மிச்சம் சேர்ந்து கறுத்துப்போனது. குளிர் போட்ட பூட்டு அது. சூடு ஏறினால் பூட்டுத் தளரும்.

நொட்டிங்ஹம் குழு இன்னொரு சோதனையையும் செய்தது. பனாமாவின் பரோ கொலராடோ தீவில், வெப்பவலயக் காட்டு மண்ணுக்குள் சூடேற்றிகளைப் புதைத்து, 4 பாகை சூடாக்கி, 2 வருடம் பார்த்தார்கள். மண் விட்ட காபனீரொட்சைட்டு 55 சதவீதம் கூடியது. 2020இல் இது வெளிவந்தபோது பேசப்பட்டதற்குக் காரணம் உண்டு. வெப்பவலய மண் ஏற்கனவே சூட்டுக்குப் பழகியது, இன்னும் கொஞ்சம் சூடானால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அதுவரை நினைத்தவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன்.

இரண்டு வருடக் கதை வேறு, இருபது வருடக் கதை வேறு. அமெரிக்காவில் ஹார்வர்ட் காட்டில் ஜெரி மெலிலோ 1991இல் ஒரு சோதனையை ஆரம்பித்தார். மண்ணுக்குள் கேபிள் ஓட்டி, சுற்றியிருப்பதைவிட 5 பாகை சூடாக வைத்துக்கொண்டே இருந்தார்கள். 26 வருடம் கழித்து, மேல் 60 சென்ரிமீற்றர் மண்ணில் இருந்த காபனில் 17 சதவீதம் போயிருந்தது. ஆனால் சீராகப் போகவில்லை. முதலில் வேகமாக, பிறகு ஓய்ந்து, திரும்ப வேகமாக, திரும்ப ஓய்ந்து. எளிதாகத் தின்னக்கூடியது தீர்ந்ததும் நுண்ணங்கிகள் அடங்கின. பிறகு கூட்டம் மாறி, கடினமான மிச்சத்தில் கை வைத்தன. நடுவில் ஓய்ந்திருந்த சமயத்தில் யாராவது சோதனையை நிறுத்தியிருந்தால், பயமில்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

இந்த எண்களை அப்படியே எடுத்து நம் தேயிலை மலைக்குப் போடக்கூடாது. அவை காட்டு மண். நம்முடையது நூற்றைம்பது வருடமாக வெட்டி, குத்தி, உரம் போட்ட மண். நம் மண்ணில் சூட்டுக்கு முன்பே வேறு நிறைய நடந்துவிட்டது.

நம் மலையில்

"தம்பி, முன்னெல்லாம் முள்ளு குத்துனா புழு வரும். இப்ப கல்லுதான் வருது" என்பார் எங்கள் பெரியப்பா. முப்பது வருடம் கான், அதாவது வடிகால், வெட்டியவர். முள்ளு என்றது மண்ணைக் குத்திக் கிளறும் கருவியை. அவர் சொன்னதுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. காட்டை வெட்டிச் சரிவில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட காலத்திலிருந்து மேல்மண் மழையோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. நுண்ணங்கிகளில் பெரும்பாலானவை இருப்பது அந்த மேல் சில அங்குலத்தில்தான், ஏனென்றால் சாப்பாடும் காற்றும் அங்கேதான். மண் போகும்போது வீடும் போகிறது, வீட்டுக்காரரும் போகிறார்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மரத்தடியில் இலைக்குப்பைக்குக் கீழே இருந்து ஒரு மண்கட்டியும், புல்கூட இல்லாத வெறும் சரிவிலிருந்து ஒரு மண்கட்டியும் எடுத்து நன்றாகக் காய வையுங்கள். இரண்டு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் வைத்து மெதுவாக உள்ளே விடுங்கள். நாங்கள் செய்தபோது சரிவு மண் ஒரு நிமிடத்துக்குள் பொலபொலவென்று சரிந்து தண்ணீர் பால்தேத்தண்ணி நிறமானது. மரத்தடிக் கட்டி தன்பாட்டில் அப்படியே இருந்தது, பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும் வரை. பங்கசு நூல்கள் மண் துணிக்கைகளைப் பின்னிப் பிடிக்கின்றன, பற்றீரியா விடும் பிசின் ஒட்டுகிறது. மண்சரிவையே இது தடுக்கும் என்று சொல்ல வரவில்லை. 2014இல் மீரியபெத்தவில் மலை இறங்கியதெல்லாம் ஆழத்து விஷயம், இந்த நூல் அதற்குப் போதாது. மேல்மண் கானில் ஓடுவதை இது தடுக்கும்.

இரண்டாவது விஷயம் உரம். யூரியா போட்டால் தேயிலை அதை அப்படியே குடித்துவிடும் என்று நினைக்கிறோம். நடுவில் நுண்ணங்கிகள் நிற்கின்றன. முதலில் சில, யூரியாவை அமோனியாவாக்குகின்றன. பிறகு வேறு சில, அமோனியாவை நைத்திரேற்றாக்குகின்றன. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பிரித்துக் காட்டியவர் கியவில் பிறந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். அவர் கண்டது அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. இந்தப் பற்றீரியாவுக்கு இலையோ சக்கரையோ தேவையில்லை, அமோனியாவை எரித்தே உயிர் வாழும். மற்ற நுண்ணங்கிகளுக்குச் சாப்பாடாகும் கூழ் எல்லாம் இதற்கு ஆகாது. அதனால்தான் பலருடைய தட்டில் இது வளராமல் போக்குக் காட்டியது.

இந்த வேலை நடக்கும்போது மண்ணில் அமிலம் கூடுகிறது. தேயிலைக்கு அமில மண் பிடிக்கும்தான். பீஎச் பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் நடுவில் இருந்தால் சந்தோஷமாக வளரும். அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும். வருடா வருடம் நைதரசன் உரம் விழ விழ அது இன்னும் கீழே இறங்கும். தோட்டங்களில் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுவது அதைத் தூக்கி நிறுத்தத்தான். செடிக்கு எட்டாமல் மிஞ்சிய நைத்திரேற்று மழையில் ஓடைக்கு இறங்கும். மழை தேங்கி மண்ணில் காற்று இல்லாமல் போனால், ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றையே வைத்து மூச்சு விடும் பற்றீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அப்போது நைதரசு ஒட்சைட்டு என்ற வாயுவும் வெளியே வரும். நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப் போலச் சுமார் 270 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கக்கூடியது. மரக்கறித் தோட்டங்களில் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் அள்ளிப் போடும் உரத்தையும், பிறகு கொட்டும் மழையையும் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அப்போ உரத்தையே நிறுத்திவிடலாமா? 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பருக்குள் தடையைத் தளர்த்த வேண்டிவந்தது. அரசியலை விடுங்கள், நுண்ணங்கிக் கணக்கு ஒன்று அதில் இருக்கிறது. சேதனப் பசளையில், அதாவது இயற்கை உரத்தில், நைதரசன் இருந்தாலும் அது பூட்டிக் கிடக்கிறது. நுண்ணங்கிகள் தின்று, தங்களுக்குப் போக மிஞ்சியதைத்தான் செடிக்கு விடும். அவற்றின் சாப்பாட்டில் காபன் ஏறக்குறைய 25 பங்கு இருந்தால் நைதரசன் 1 பங்கு வேண்டும். நாம் போட்டது வைக்கோல், காய்ந்த புல் மாதிரி நைதரசன் குறைந்த சாமானாக இருந்தால், பற்றாக்குறைக்கு அவை மண்ணில் இருக்கும் நைதரசனையே எடுத்துக்கொள்ளும். செடி இன்னும் மஞ்சளாகும். வருடக்கணக்கில் சேதனப் பொருளைப் போட்டு வளர்த்த மண் இதைத் தாங்கும். கல்லு வரும் மண்ணை ஆறு மாதத்தில் மாற்றச் சொன்னால் பற்றீரியாவால் என்ன செய்ய முடியும்? சேதனப் பசளை நல்லதுதான். அதை அவசரத்துக்குக் கூப்பிடக்கூடாது.

பழைய ஆட்களுக்கு இந்தக் கணக்கு வேறு விதமாகத் தெரிந்திருந்தது. தேயிலைக்கு நடுவில் டடப் மரம் வைத்தார்கள், முள்முருங்கைச் சாதி. நிழலுக்கு என்று சொன்னாலும் அதை வெட்டி வெட்டிக் கீழே போட்டார்கள். டடப் வேரை மெதுவாகத் தோண்டினால் மிளகு மாதிரி முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் கடை மூடியாச்சு. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் இருக்கும் ஈமோகுளோபினுக்கு உறவுக்காரப் பொருள். உள்ளே குடியிருக்கும் பற்றீரியா காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. ஒட்சிசன் அதிகம் பட்டால் அந்த வேலை கெட்டுவிடும், அதனால் அளந்து கொடுக்க இந்தச் சிவப்புப் பொருள். 1888இல் மார்ட்டினஸ் பெயரிங்க் இந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். என் வகுப்பில் கீறிப் பார்த்த ஒரு பிள்ளை, "மரத்துக்கும் இரத்தம் இருக்கா சேர்?" என்றாள். இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை.

மறுநடுகைக்கு முன் நிலத்தில் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்க்கச் சொல்லித் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைப்பதும் இந்த வகைதான். பார்க்கிறவருக்கு நிலம் சும்மா கிடப்பது போல் இருக்கும். புல்லின் வேர் செத்துச் செத்து முளைக்கும்போது, மண்ணுக்குள் கூட்டத்துக்கு விருந்து நடந்துகொண்டிருக்கும். கணக்குப் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த இரண்டு வருடம் தாங்காது. பல இடத்தில் அதைத் தவிர்த்துவிட்டு நேரே தவறணையில், அதாவது நாற்றுமேடையில், வளர்த்த கன்றைக் கொண்டுவந்து நட்டுவிடுகிறார்கள்.

இப்போது புதிதாகப் பன்னிரண்டு பை தைத்திருக்கிறோம். நாலு தேயிலைக்குள், நாலு டடப் மரத்தடியில், நாலு கோவாப் பாத்தியில். இது மழைக்காலம், போன தடவை மாதிரி மாசி, பங்குனி வறட்சி இல்லை. வேகமாகத் தின்னுமா, அல்லது தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் மெதுவாகுமா என்று பிள்ளைகளுக்குள் பந்தயம் நடக்கிறது. மேலே கோழிக்கூட்டு வலை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறோம், பன்றிக்காக. நகைக்கடைக்காரரை வழியில் பார்த்துச் சொன்னபோது, "நிறுத்துத் தாறேன் சேர், இந்த முறை கழுவிக் கொண்டு வாங்க" என்றார். கழுவினால் கரையக்கூடியது கரைந்துபோய்க் கணக்குப் பிழையாகிவிடும். அதை அவருக்குச் சொல்ல இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.